இன்றிரவு என்ன சமைப்பது?

மாலை மங்கி விளக்கேற்றும் வேளையில் நம் இல்லங்கள் அனைத்திலும் நாள் தவறாமல் எழும் வினா ஒன்று உண்டு. “இன்றிரவு என்ன சமைப்பது?” என்பதே அது. திருநாள்களில் இவ்வினா எழுவதில்லை. கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவுக்கும், பாஸ்கா ஞாயிறுக்கும், பங்கின் தேர்த் திருவிழாவுக்கும் இன்னது சமைப்பது என்று வழக்கமே முடிவு செய்துவிடுகிறது. ஒருசந்தி நாளிலும் குழப்பமில்லை. உள்ளதைக் கொண்டு எளிமையாக முடித்துக்கொள்கிறோம். திருநாளும் அல்லாத, ஒருசந்தியும் அல்லாத ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை இரவுதான் இல்லத்தரசியின் பொறுமையைச் சோதிக்கிறது. ஆண்டின் நாள்களில் பெரும்பாலானவை இத்தகைய செவ்வாய்க்கிழமைகளே அன்றோ?

“அடுப்படிச் செய்திக்கு இப்பக்கத்தில் என்ன வேலை?” என்று தந்தையர் சிலர் ஏட்டைப் புரட்டிவிடக் கூடும். அவர்கள் அருள்கூர்ந்து சற்றுப் பொறுத்திருக்க வேண்டும். இம்மாதச் சிந்தனை தாய்மாரைவிடத் தந்தையருக்கே மிகுதியாக உரியது.

வினாவுக்குள் அடங்கியவை

கேட்பதற்கு மூன்றே சொற்கள். ஆனால் அவற்றுக்குள் ஒரு குடும்பத்தின் வரவும் செலவும், உடல்நலமும், மன ஒற்றுமையும் அடங்கிக் கிடக்கின்றன.

நம் காட்டுமன்னார்கோயில் வட்டாரத்தையே எடுத்துக்கொள்வோம். 10-ஆம் நூற்றாண்டில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில் அமைந்த வீரநாராயண ஏரி, வீராணம் என்னும் பெயரில் இன்றளவும் நம் சோற்றுப் பானையை நிரப்பி வருகிறது. அணைக்கரையில் கொள்ளிடத்தின் குறுக்கே நிற்கும் கீழணையிலிருந்து வடவாற்றின் வழியாக வரும் நீர் ஏரியை நிறைக்கிறது. அந்நீரால் ஏறத்தாழ 45,000 ஏக்கர் நிலம் பயிராகிறது. 2004-ஆம் ஆண்டு முதல் சென்னை மக்களின் குடங்களையும் அது நிரப்புகிறது. சம்பா அறுவடைக்குச் சற்று முன்னர் ஈர வயலில் தெளிக்கப்பெற்ற உளுந்தும் பச்சைப்பயறும் பங்குனி, சித்திரையில் வீடு வந்து சேர்கின்றன. ஏரியிலிருந்து கெண்டையும் கெளுத்தியும் விராலும், பரங்கிப்பேட்டை, கடலூர்க் கரைகளிலிருந்து கடல் மீனும் விற்பனைக்கு வருகின்றன. நல்ல கத்தரிக்காய் அகப்பட்டால் சிதம்பரம் பக்கத்துக் கொத்சு நம் தாய்மாருக்குக் கைவந்த கலை. இத்துணை வளம் சூழ்ந்த ஊரிலும், நடவு முடிந்து மாலையில் வீடு திரும்பும் தாய், காலில் படிந்த சேற்றைக் கழுவும்போதே அந்த மூன்று சொற்களைத் தனக்குள் கேட்டுக்கொள்கிறாள்.

சோற்றுக்குப் பஞ்சமில்லை எனலாம். 2011-ஆம் ஆண்டு சூன் மாதம் முதல் தமிழகத்தில் அரிசி பெறும் குடும்ப அட்டைகளுக்கு அரிசி விலையின்றி வழங்கப்படுகிறது. துவரம் பருப்பும் பாமாயிலும் சலுகை விலையில் கிடைக்கின்றன. ஆகவே இன்று பல வீடுகளில் கேள்வி சோற்றைப் பற்றியதன்று. அச்சோற்றின் மீது எதை ஊற்றுவது, அருகில் எதை வைப்பது என்பதைப் பற்றியதே. தக்காளி விலை ஏறிய வாரத்திலும், கூலி கைக்கு வராத நாளிலும் இக்கேள்வி கூர்மை பெறுகிறது.

வயல் வேலைக்குச் செல்லும் குடும்பங்களில் இரவுச் சோறே சுடுசோறு. எஞ்சிய சோற்றில் நீரூற்றி வைத்தால் மறுநாட் காலைக்கு அதுவே பழையது. எனவே இரவு உலையில் எவ்வளவு அரிசி இடுவது என்பது இரண்டு வேளைக்குரிய முடிவு. குழம்பும் அவ்வாறே. மண்சட்டியில் வைத்த மீன்குழம்பு மறுநாள் சுவை கூடி நிற்கும். புளி தூக்கலான வத்தக்குழம்பும் தாங்கும். கோடைக் காலத்தில் பருப்புக் குழம்போ விடிவதற்குள் ஊசிப்போகும். இவற்றையெல்லாம் எந்தப் பள்ளியிலும் கற்காமல் நம் தாய்மார் நொடியில் கணக்கிட்டுவிடுகின்றனர்.

அலுவலகத்துக்கும் பள்ளிக்கும் செல்வோர் உள்ள வீடுகளில் இரவு உணவு பெரும்பாலும் சிற்றுண்டியாகிவிட்டது. அங்கும் முடிவு எளிதன்று. செவ்வாய் இரவு தோசை வேண்டுமாயின் திங்கள் பகலிலேயே அரிசியும் உளுந்தும் ஊறியிருக்க வேண்டும். மாலையில் அரைத்திருக்க வேண்டும். இரவெல்லாம் மாவு புளித்திருக்க வேண்டும். மார்கழிக் குளிரில் புளிப்பதற்கு இன்னும் நேரம் பிடிக்கும். இன்றிரவுத் தட்டில் விழும் தோசையை நேற்றே ஒருவர் நினைத்து வைத்திருந்தார் என்பதை உண்பவர் எண்ணிப் பார்ப்பதில்லை.

இத்துடன் நோயும் சேர்ந்துகொள்கிறது. 2023-இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, தமிழகத்தில் வயதுவந்தோருள் 14.4 விழுக்காட்டினர் நீரிழிவு உடையோர் எனக் காட்டுகிறது. தாத்தாவுக்குச் சோறு குறைய வேண்டும். சப்பாத்தி அல்லது கோதுமை உப்புமா வேண்டும். பேரனுக்கோ அவை பிடிப்பதில்லை. தந்தை பத்து மணிக்குத் திரும்பிச் சுடச்சுடச் சோறு கேட்கிறார். ஓர் அடுப்பில் மூன்று சமையல்! களைத்துப்போன மாலைகளில் கடைப் பரோட்டாப் பொட்டலமே விடையாகிவிடுவதில் வியப்பென்ன?

“இன்றும் இதுதானா?”

இத்துணைக் கணக்குகளையும் போட்டு முடித்துத் தட்டை வைத்ததும், நம் வீடுகளில் முதலில் பிறக்கும் சொல் எது? “இன்றும் இதுதானா?” என்பதன்றோ?

இது மிகப் பழைய முணுமுணுப்பு. பாலைவனத்தில் இஸ்ரயேல் மக்கள் ஆண்டவர் பொழிந்த மன்னாவை உண்டனர், பசி தீர்ந்தது. ஆயினும் எகிப்தில் உண்ட மீனையும், வெள்ளரிக்காயையும், வெங்காயத்தையும், பூண்டையும் நினைந்து அழுதனர் என எண்ணிக்கை நூலின் 11-ஆம் அதிகாரம் கூறுகிறது. மோசே அந்த முணுமுணுப்பைக் கேட்டு எவ்வளவு மனம் நொந்தாரென்றால், இம்மக்களைச் சுமக்கத் தம் ஒருவரால் இயலாது என்று ஆண்டவரிடம் முறையிட்டார். அவருக்கு ஆண்டவர் தந்த விடை நம் கருத்துக்குரியது. “பொறுத்துக்கொள்” என்று மட்டும் கூறி அவரை அனுப்பிவிடவில்லை. சுமையைப் பகிர்ந்துகொள்ள எழுபது மூப்பர்களை ஏற்படுத்தினார். உணவைப் பற்றிய முணுமுணுப்புக்குத் தீர்வாகச் சுமைப் பகிர்வையும் ஆண்டவர் வழங்கினார் என்பதை நம் குடும்பத் தலைவர்கள் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்.

நம் வீடுகளில் இச்சுமை எவ்வாறு பகிரப்பட்டுள்ளது? நடுவண் அரசு 2019-இல் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வு இதனை எண்களில் காட்டியது. ஊதியமின்றி வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிடங்கள் செலவிட்டனர். அதாவது ஏறத்தாழ ஐந்து மணி நேரம். அவ்வேலை செய்யும் ஆண்கள் 97 நிமிடங்களே செலவிட்டனர். அத்தகைய ஆண்களும் நூற்றுக்கு 26 பேர் மட்டுமே. கைகள் செய்யும் வேலையின் கணக்கு இது. எதைச் சமைப்பது, எது தீர்ந்தது, யாருக்கு எது ஆகாது என்று பகலெல்லாம் மனம் செய்யும் வேலையை எந்த ஆய்வாளர் அளக்கக் கூடும்?

மார்த்தாவை நாம் அடிக்கடி குறை கூறுகிறோம். ஆண்டவர் அவரைச் சமைக்க வேண்டாம் எனக் கூறவில்லை. பலவற்றைப் பற்றிக் கவலையுற்றுக் கலங்குவதையே அன்புடன் சுட்டிக்காட்டினார். யோவான் நற்செய்தியின் 12-ஆம் அதிகாரத்தில் அதே பெத்தானியாவில் இரவு விருந்து நடைபெறுகிறது. மார்த்தா பரிமாறுகிறார்; மரியா நறுமணத் தைலம் பூசுகிறார்; லாசரோ பந்தியில் அமர்ந்திருக்கிறார். சூலை 29-ஆம் நாளை முன்னர் புனித மார்த்தாவின் நினைவு நாளாகக் கொண்டாடினோம். 2021-இல் திருத்தந்தை பிரான்சிஸ் மரியாவையும் லாசரையும் உடன்சேர்த்து, அதனை மூவரின் நினைவு நாளாக்கினார். ஒரு வீட்டின் புனிதம் ஒருவரால் மட்டும் அமைவதன்று என்பதற்கு இதனைவிடச் சிறந்த சான்று வேண்டுமோ?

கடைசித் தட்டு

இனி, இக்கட்டுரையில் நாம் கூற விழையும் முதன்மையான செய்திக்கு வருவோம்.

இரவு எட்டரை மணி. தாத்தாவும் பாட்டியும் உண்டாயிற்று. பிள்ளைகள் உண்டாயிற்று. தாமதமாக வந்த தந்தையும் உண்டு கை கழுவியாயிற்று. பிறகு அடுக்களையில் ஒரு தட்டு வைக்கப்படுகிறது. சட்டியில் மீன் துண்டு இருக்குமா? பெரும்பாலும் தலையோ வாலோ இருக்கும். அல்லது குழம்பு மட்டும் இருக்கும். முட்டை பிள்ளைகளோடு முடிந்திருக்கும். பொரியல் சட்டியில் ஒட்டியிருப்பதைச் சோற்றால் துடைத்து எடுத்து உண்டு, “எனக்கு இது போதும்” என்கிறாள் தாய். எதைச் சமைப்பது என்று எல்லாருக்காகவும் சிந்தித்தவள், தனக்கென எதையும் சிந்திக்கவில்லை.

இதனை நாம் தியாகம் என்று புகழ்கிறோம். தியாகத்தை மறுப்பார் யார்? ஆனால் ஒருவர் மட்டும் நாள்தோறும் செய்ய, மற்றவர் அனைவரும் அதனைக் காணாமலே உண்டு எழுவதைத் தியாகம் என்று அழைத்து நம் மனச்சான்றை உறங்க வைத்தல் தகுமா? 2019-21 ஆண்டுகளில் எடுக்கப்பெற்ற தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு, நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையோர் எனக் கண்டது. அதே வயது ஆண்களில் அது 25 விழுக்காடு. நம் தமிழகத்திலும் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் இந்நிலையில் உள்ளனர். மாதவிலக்கு, மகப்பேறு, குடற்புழு என இதற்குக் காரணங்கள் பல. எனினும் இரும்புச் சத்துள்ள உணவு போதிய அளவு கிட்டாமை அவற்றுள் முதன்மையான ஒன்று. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, மாலையானால் தலை சுற்றுகிறது, காரணமின்றி எரிச்சல் வருகிறது என்று மனைவி கூறினால், “உனக்கு எப்போதும் ஏதாவது ஒன்று” என்று ஒதுக்கிவிடாமல் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று இரத்தம் பரிசோதிப்பது கணவனின் கடமை.

சாரிபாத்து ஊர்க் கைம்பெண்ணை நினைவுகூர்வோம். ஒரு கைப்பிடி மாவும் சிறிது எண்ணெயுமே எஞ்சியிருந்த வேளையில், இரண்டொரு சுள்ளி பொறுக்கி, தனக்கும் தன் மகனுக்கும் கடைசி உணவு சமைக்க அவள் புறப்பட்டாள். மாதக் கடைசியில் பானையைத் தட்டிப் பார்க்கும் நம் தாய்மாருக்கு அவள் அயலாள் அல்லள். இறைவாக்கினர் எலியா கேட்டபோது உள்ளதைப் பகிர்ந்தாள். பானையில் மாவு குறையவில்லை, கலயத்தில் எண்ணெய் வற்றவில்லை. அவளது தாராளத்தைப் பற்றி நாம் பல மறையுரைகள் கேட்டிருக்கிறோம். ஆனால் மறைநூல் தொடர்ந்து உரைப்பதைக் கவனிக்கத் தவறுகிறோம். எலியா மட்டுமன்று, மகன் மட்டுமன்று, அவளும் பல நாள் உண்டாள் என்று முதலாம் அரசர் நூல் தெளிவாகக் கூறுகிறது. ஆண்டவரின் ஆசீர் இறங்கிய வீட்டில் சமைத்தவளும் உண்டாள்!

நம் இல்லங்களில் செய்யத் தக்கவை

அறிவுரையோடு நின்றுவிடாமல், நடைமுறைக்கு ஏற்ற சிலவற்றை எண்ணிப் பார்ப்போம்.

முதலாவது, முடிவைக் குடும்பம் முழுவதும் சேர்ந்து எடுக்கலாம். ஞாயிறு திருப்பலி முடிந்து வீடு திரும்பியதும் கால் மணி நேரம் போதும். 2022 செப்டம்பர் 15-இல் தொடங்கப்பெற்ற முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில், பள்ளிப் பிள்ளைகளுக்குக் கிழமைக்கு இன்ன உணவு என்று முன்னரே வகுத்துள்ளனர். பெரிய சமையற்கூடம் சீராக நடப்பதற்கு அவ்வொழுங்கு உதவுகிறது. ஐந்தாறு பேர் உண்ணும் நம் வீட்டுக்கும் அது உதவாதா? ஓர் எடுத்துக்காட்டு: திங்கள் சோறும் மிளகு ரசமும் பருப்புத் துவையலும்; செவ்வாய் தோசையும் கத்தரிக்காய்க் கொத்சும்; புதன் கேழ்வரகு அடை அல்லது கோதுமை உப்புமா; வியாழன் சோறும் மீன்குழம்பும்; வெள்ளி சுத்தபோசனமாகக் கஞ்சியும் பச்சைப்பயறும்; சனி இட்டிலியும் சாம்பாரும்; ஞாயிறு இரவு, நண்பகல் இறைச்சிக் குழம்பில் எஞ்சியதோடு தோசை. வசதிக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். மீன் அகப்படாத வியாழனில் கருவாடு போதும். நாட்கூலியில் வாழும் குடும்பங்களுக்கும் இது ஏற்றதே. பட்டியல் எழுதக் காசு வேண்டியதில்லை. வெள்ளிக்கிழமையை மனமாற்றத்தின் நாளாகத் திருச்சபை குறித்திருப்பதால், அன்றைய முடிவு நமக்கு முன்னரே எடுத்துத் தரப்பட்டுள்ளது என்பதையும் நன்றியோடு எண்ணலாம்.

இரண்டாவது, முடிவில் பங்கு கொள்வோர் வேலையிலும் பங்கு கொள்ள வேண்டும். உளுந்து ஊறவைப்பதற்கும், வெங்காயம் உரிப்பதற்கும், மாவு அரைப்பதற்கும், பாத்திரம் துலக்குவதற்கும் ஆண் பெண் என்னும் வேறுபாடு கிடையாது. மகளை மட்டும் அடுக்களைக்கு அழைத்து, மகனைத் தொலைக்காட்சி முன்னோ கைப்பேசியோடோ விட்டுவைத்தால், நாளை அவன் கைப்பிடிக்கப் போகும் பெண்ணுக்கு நாம் இன்றே தீங்கிழைக்கிறோம். உயிர்த்த ஆண்டவர் திபேரியக் கடற்கரையில் கரி நெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் ஆயத்தம் செய்து, இரவெல்லாம் உழைத்துக் களைத்த சீடரை உண்ண அழைத்தார். சாவை வென்ற கரங்கள் அடுப்பு மூட்டின. அதற்குப் பின்னும் ‘அடுப்படி ஆண்களுக்கு இழுக்கு’ என்று ஒரு கிறிஸ்தவன் கூறலாமா?

மூன்றாவது, தட்டில் விழுந்ததைப் பழிக்காதிருப்போம். உப்பு மிகுந்திருந்தால் அதனைக் கூறுவதற்கும் ஒரு முறை உண்டு. கணவன் மனைவியரிடையே அனுமதி கேட்டலும், நன்றி கூறலும், மன்னிப்பு வேண்டலும் இன்றியமையாதவை என்று மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் ‘அன்பின் மகிழ்வு’ என்னும் 2016-ஆம் ஆண்டு ஏட்டில் கற்பித்தார். உணவுக்கு முன் ஆண்டவருக்கு நன்றி செலுத்தும் நாம், உணவுக்குப் பின் சமைத்தவருக்கு நன்றி கூறுவதில் என்ன குறை?

நான்காவது, இதுவே தலையாயது, சமைத்தவரும் உடன் அமர்ந்து உண்ண வேண்டும். சோற்றையும் குழம்பையும் நடுவில் வைத்துவிட்டால் அவரவர் எடுத்துக்கொள்ளலாம். ஒருவர் நின்று பரிமாற வேண்டியதில்லை. தந்தை தாமதமாக வரும் வீட்டில் தாய் பிள்ளைகளோடு உண்டுவிடட்டும். கணவன் வரும்வரை பட்டினி காத்தல் பக்தியன்று. ஐந்து பேருக்கு நான்கு மீன் துண்டுகளே இருப்பின், அவற்றை ஐந்தாகப் பகிரும் கணக்கைப் பிள்ளைகள் கற்கட்டும். முட்டையும் மீனும் பயறும் தாயின் தட்டிலும் விழ வேண்டும். இரவில் கீரை ஆகாது என்னும் வழக்கம் உள்ள வீடுகளில், முருங்கைக்கீரையை நண்பகலில் சமைத்துத் தாய்க்கும் ஒரு பங்கு எடுத்து வைக்கலாம். சிறிது எலுமிச்சையோ நெல்லிக்காயோ உடன் சேர்ந்தால் கீரையிலுள்ள இரும்புச் சத்து உடலில் நன்கு சேரும். உண்டவுடன் தேநீர் அருந்தினால் அது தடைப்படும்.

நாம் நாள்தோறும் சொல்லும் ஆண்டவர் கற்பித்த செபத்தில் அன்றாட உணவைக் கேட்கிறோம். அச்செபத்தில் ‘எனக்கு’ என்று வேண்டுவதில்லை. ‘எங்களுக்கு’ என்றே வேண்டுகிறோம். அந்த ‘எங்களுக்கு’ என்னும் சொல்லுக்குள் அடுக்களையில் நிற்பவரும் அடங்குவார். அவரை வெளியே நிறுத்திவிட்டு நாம் உண்ணும் உணவு, அச்செபத்துக்கு முழு விடையாகாது.

ஆகவே, அன்பார்ந்த தந்தையரே, இளைஞரே, இன்று மாலை வீடு திரும்பியதும் “இன்றிரவு என்ன சமையல்?” என்று கூடத்தில் அமர்ந்தவாறு கேட்க வேண்டாம். அடுக்களைக்குச் சென்று, “நான் என்ன செய்யட்டும்?” என்று கேளுங்கள். உணவு வேளையில் உங்கள் தட்டைப் பார்க்குமுன், சமைத்தவரின் தட்டு எங்கே என்று பாருங்கள். நாசரேத்துத் திருக்குடும்பத்தின் எளிய பந்தியை ஆசீர்வதித்த ஆண்டவர், நம் இல்லங்களின் இரவு உணவையும், அதனை ஆக்கும் கரங்களையும் ஆசீர்வதிப்பாராக!